ஒண்டி ஆளுக்கு ரூம் கிடையாது

கோவர்த்தனன் அண்ணனை எனக்கு முதலில் பிடிக்கவே பிடிக்காது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் என் நெட் சென்டர். தரிசன டிக்கெட், ஆதார் திருத்தம், பாஸ்போர்ட், ஜெராக்ஸ் என்று கேட்டதெல்லாம் செய்து கொடுப்பேன். பக்கத்துக் கட்டிடம் நாற்பது ரூம் உள்ள லாட்ஜ். அதன் ரிசப்ஷனில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவர் அவர். விஜயபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சித்தூரில் வீடு கட்டியவர். மனைவி கமலம்மா அங்கே இருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் மட்டும் இவர் பஸ் ஏறிப் போய் வருவார். நான் கார்வேட்டிநகரத்துக்காரி. சந்து முழுக்கத் தெலுங்கு பேசுகிற இடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தமிழ். ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டவில்லை.

ஒரு மழை நாளில் ஐம்பது வயது அம்மா ஒருத்தி, கையில் ஒரு பையோடு தனியாக அவரிடம் ரூம் கேட்டாள். "ஒக்கரிகி ரூம் இவ்வம் அம்மா" என்று தெலுங்கில் சொல்லிவிட்டார். ஒண்டி ஆளுக்கு ரூம் கிடையாது. அந்த அம்மா வெளியே வந்து என் கடை ஷீட்டுக்குக் கீழே நனைந்துகொண்டு நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய், "உங்க வூட்டுப் பொம்பள இப்டி வந்து நின்னா தொரத்துவீங்களா?" என்று கத்தினேன். அவர் உள்ளே சோபாவில் உட்காரச் சொன்னாராம், அந்த அம்மாதான் கோபித்துக்கொண்டு வெளியே வந்தாளாம். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பாதியைப் பார்த்துவிட்டு முழுச் சண்டை போடுவது என் பிறவிக் குணம்.

மறுநாள் டீ குடிக்க வந்தபோது அவரே சொன்னார். இந்த ஊரில் பல லாட்ஜ்களில் உள்ள வழக்கம்தான் அது. பெருமாளிடம் கேட்பதற்கு வருகிறவர்கள் லட்சம் பேர். இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று வருகிறவர்களும் சிலர் உண்டு. அவன் காலடியில் முடிந்தால் புண்ணியம் என்று அவர்களுக்கு எவன் சொல்லித் தொலைத்தானோ தெரியாது.

"மூணு தபா கடப்பாற போட்டு கதவத் தொறந்துக்கீறன் மா. மூணு தபாவும் ரூம் குடுத்தது நான்தான்" என்றார் அண்ணன்.

அப்புறம் முகம் பார்க்கக் கற்றுக்கொண்டாராம். "சாமி கும்புட வர்றவன் தொணதொணன்னு கேப்பான் மா. சுடுதண்ணி எத்தினி மணிக்கி வரும், மலைக்கி பஸ் எங்க நிக்கும், மொட்ட எங்க போடறது, வாடக கொஞ்சம் கொறச்சிக்கோ. உசுரு மேல ஆச கீறவன் அவன். ஒன்னியுமே கேக்காம, சொன்ன வாடகயக் குடுத்துட்டு சாவிக்கி கை நீட்டறான் பாரு, அவனுக்குத்தான் குடுக்கக் கூடாது."

அப்படிப்பட்டவர்களை அவர் திருப்பி அனுப்புவதும் இல்லை. ரூம் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள், பத்து நிமிஷம் உட்காருங்கள் என்பார். கவுண்டருக்கு எதிரே சோபா. காபி வரும். ஆதார் கார்டு வாங்கி, அதில் இருக்கிற ஊரை வைத்துப் பேச்சுக் கொடுப்பார். எப்படியாவது வீட்டு நம்பர் ஒன்று வாங்கிவிடுவார். அந்த வீட்டு ஆள் வந்து சேரும்வரை பத்து நிமிஷம் முடியாது. ஒருவன் அனந்தபூரிலிருந்து தன் கூடப்பிறந்த அண்ணன் வரும்வரை ஒன்பது மணி நேரம் அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்தானாம்.

அன்றிலிருந்து நான் அவரைத் திட்டுவதை நிறுத்தினேன். கேலி செய்வதை நிறுத்தவில்லை.

அவருக்கு ஒரே பெண், தரணி. சித்தூரில் படித்து, ஜெர்மனியில் மேல்படிப்பு முடித்து, டிரெஸ்டன் என்கிற ஊரில் வேலையில் இருந்தாள். இருபத்தேழு வயது. போன டிசம்பரில் அவள்தான் ஆரம்பித்தாள். மே மாதம் நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள், பக்கத்து நாட்டில் பிராக் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது, அங்கே மூன்று ராத்திரி தங்கிப் பார்க்கலாம், நான் ரயிலில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றாள். அவள் வீட்டுக்கு ஏன் கூப்பிடவில்லை என்று கமலம்மா கேட்டதற்கு, வீடு சின்னது, ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது.

மலைக்கு வருகிறவனுக்கு இருபத்தாறு வருஷம் ரூம் போட்டவர், தான் ஒரு ஊரைப் பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை. சென்னையைத் தாண்டியதில்லை. மத்தியானம் லாட்ஜ் காற்றாடுகிற இரண்டு மணிக்கு என் கடைக்கு வந்துவிடுவார். கம்ப்யூட்டரில் பிராகைக் காட்டு என்பார். ஆற்றின் மேல் ஒரு கல் பாலம், இரண்டு பக்கமும் சிலைகள். அதில் ஒரு சிலைக்குக் கீழே உள்ள தகட்டைத் தொட்டால் நினைத்தது நடக்குமாம்.

"க்யூ எத்தினி மணி நேரம்?" என்றார் உடனே.

"க்யூவெல்லாம் கெடயாது ணா. நடந்து போய் தொட வேண்டியதுதான்."

"நெனச்சது நடக்கும்ன்ற, க்யூ இல்லன்ற. நம்பற மாறியா கீது?"

ஊர் நடுவில் அறுநூறு வருஷத்துக் கடிகாரம். மணிக்கொரு தரம் சின்னக் கதவு திறந்து பொம்மைகள் வந்து போகும். நடை சாத்துகிற நேரம் என்ன, செருப்பை எங்கே விடுவது, கோட்டைக்குப் போக டோக்கன் முதல் நாளே எடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் சிரிக்கச் சிரிக்க அவருக்குக் கேள்வி கூடும். எல்லாவற்றையும் போனில் பேசிப் பதிவு செய்து தரணிக்கு அனுப்புவார். அவளும் சளைக்காமல் பதில் போட்டுவிட்டுத் திருப்பிக் கேட்பாள். ஷூ வாங்கிட்டியா நைனா, அம்மாவுக்கு ஸ்வெட்டர் அளவு இன்னா, முட்டி வலி எப்டி கீது, ஃப்ளைட்ல ஜன்னல் சீட்டு ஒனக்கா அம்மாவுக்கா. அப்பனும் மகளும் ஒரு ஊரைப் பார்க்குமுன்பே நாலு தடவை பார்த்து முடித்துவிட்டார்கள்.

மெயிலும், ஓட்டல் புக்கிங் செய்கிற கணக்கும் அவருக்கு நான்தான் திறந்து கொடுத்தேன். பாஸ்வேர்டைத் தரணிக்கும் அனுப்பினேன். அவள் அங்கிருந்தே ரூம் போட்டாள். தாள்கள் இங்கே என் பிரிண்டரில் வந்தன. சென்னைக்குப் போய் விரல்ரேகை கொடுத்துவிட்டு வந்தார்கள். மார்ச் கடைசியில் விசா வந்தது. அன்று அவர் சந்து முழுக்க ஜிலேபி கொடுத்தார். கமலம்மா சித்தூரிலிருந்து எனக்குப் போன் போட்டு, "ஜூன்ல மாங்கா கம்பெனியில வேல ஆரம்பிச்சிடும் கல்பனா, அதுக்குள்ள திரும்பிடுவோம்ல?" என்று கேட்டார். சீசனில் மாம்பழக்கூழ் யூனிட்டில் பழம் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு.

ஏப்ரலில் தரணி ஒரு பெரிய ஃபைல் அனுப்பினாள். இருபத்துமூன்று பக்கம். விமானத்தில் இறங்கியதும் எந்தக் கதவு வழியாக வெளியே வருவது, எந்த பஸ், எத்தனையாவது நிறுத்தம், ஒவ்வொன்றுக்கும் படம். சோறு கிடைக்கிற இரண்டு இந்தியக் கடைகள். யாரிடமாவது நீட்டிக் காட்டுவதற்கு அந்த ஊர் மொழியில் சீட்டுகள். எங்களுக்கு மாட்டுக்கறி வேண்டாம். கழிவறை எங்கே. நாங்கள் வழி தவறிவிட்டோம், இந்த ஓட்டலில் கொண்டுபோய் விடுங்கள். கடைசிப் பக்கத்தில் இந்தியத் தூதரகத்தின் போன் நம்பர்.

"உங்க பொண்ணு கலெக்டரா ஆயிருக்கணும் ணா. ஒரு ஓட்ட இல்ல. கண்ணக் கட்டிக்கினுகூட போயிட்டு வரலாம்" என்றேன் நான்.

அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

"இதுல அவ எங்க மா கீறா?"

"அவங்கதான் கூட வருவாங்களே. இது சும்மா கைக்கு."

"கூட வர்றவ இன்னாத்துக்கு தூதரகம் நம்பர் குடுக்கறா?"

உங்களுக்கு லாட்ஜ் புத்தி ணா, எல்லாவற்றிலும் சந்தேகம் என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அவர் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம், மத்தியானம் மூன்றரை மணி. அவர் மெயிலைத் திறந்து விமானச் சீட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே புதிதாக ஒரு புக்கிங் வந்திருந்தது. அதே பிராக், அதே ஓட்டல். ஆனால் தேதி மே இல்லை, அன்றைக்கே. ஒரு ஆள், ஒரு ராத்திரி. முழுப் பணமும் கட்டியாயிற்று, திரும்ப வராத பணம். பேர் தரணி. மெயில் என் கடைக்கு வரும் என்பதை மறந்துபோய் அந்தக் கணக்கிலேயே போட்டாளா, மறக்காமல்தான் போட்டாளா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"பாருங்க ணா, ரூம் நல்லா கீதான்னு முன்னாடியே பாக்கப் போறாங்க போல" என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் படித்தார். தன் போனை எடுத்து தரணியின் பதில்களை மேலே மேலே தள்ளினார். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. சரி நைனா. ஆமா நைனா. ஃபைல்ல கீது நைனா. மூன்று வாரமாக அவள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி இல்லை. அம்மா முட்டி எப்படி இருக்கிறது என்றுகூட இல்லை.

"ஒண்டியா போறா மா" என்றார்.

தரணியின் போன் அணைத்திருந்தது. அவளுடைய சிநேகிதி யார், பக்கத்து வீட்டில் யார், வேலை செய்கிற இடத்தில் யார் என்று ஒருவர் பெயரும் எங்களுக்குத் தெரியவில்லை. நாலு மாதமாகப் பாலம், கடிகாரம், பஸ் நம்பர் என்று தினம் பேசியிருக்கிறோம். அவள் யாரோடு சோறு தின்கிறாள் என்று நாங்கள் கேட்டதில்லை.

"அங்க இப்ப எத்தினி மணி?"

"பன்னெண்டே கால்."

"ரெண்டு மணிக்கிதான் ரூம் குடுப்பான். ஓட்டலுக்குப் போடு" என்றார்.

போட்டேன். ஒரு பெண் குரல் எடுத்தது. ஸ்பீக்கரில் வைத்தேன். அண்ணனின் இங்கிலீஷ் கவுண்டரில் நின்று கற்றுக்கொண்டது, வடநாட்டுக்காரர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் ரூம் போட்டுக் கற்றது. "மேடம், ஐ ஆல்சோ ரிசப்ஷன். டுவென்டி சிக்ஸ் இயர்ஸ். திருப்பதி, இண்டியா" என்று ஆரம்பித்தார். இன்று உங்களிடம் என் மகள் தனியாக வருவாள் என்று பேரையும் புக்கிங் நம்பரையும் சொன்னார். அந்தப் பெண், மன்னிக்க வேண்டும், தங்க வருகிறவர்களைப் பற்றி நாங்கள் யாருக்கும் தகவல் தர முடியாது என்றாள். பழகிய வாய். அண்ணனும் அதே மாதிரி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பார்.

"நீங்க தகவல் குடுக்காதீங்க மேடம். நான் குடுக்கறேன், வாங்கிக்குங்க" என்றார் இங்கிலீஷில். "அவளுக்குச் சாவி குடுக்காதீங்க. ரூம் கூட்டறாங்கன்னு சொல்லுங்க. உங்களுக்கு எதிர்ல உக்கார வைங்க. காபி குடுங்க. அவ வேணாம்னு சொல்லுவா, குடுங்க. என் நம்பருக்கு ஒரு போன் போடுங்க. அவ்ளோதான்."

போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன்.

"மேடம், என் லாட்ஜில் மூன்று பேர்" என்றார். அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை. விரல் மூன்றை ஆளைக் காட்டாத போனுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

"எங்களிடம் ஒருவர்" என்றாள் அவள். பிறகு, "பார்க்க எப்படி இருப்பாள்?" என்று கேட்டாள்.

மாநிறம், கண்ணாடி போட்டிருப்பாள், உயரம் குறைச்சல் என்று நான் சொன்னேன். பெற்றவரால் சொல்ல முடியவில்லை.

அப்புறம் காத்திருந்தோம். அவர் என் கடைப் பெஞ்சில் உட்காரவில்லை, நின்றார். லாட்ஜிலிருந்து யாரோ வந்து சாவி கேட்டார்கள், எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினார். நான் ஒரு தரிசன டிக்கெட்டைத் தப்பான தேதிக்குப் போட்டு ஒரு குடும்பத்திடம் வசவு வாங்கினேன். நாலே முக்காலுக்கு என் போன் அடித்தது. இரண்டு பேரும் பாய்ந்தோம். கமலம்மா.

"கல்பனா, தரணிக்கு மாங்கா தொக்கு கிண்டிக்கினு கீறேன். ஏர்போர்ட்ல உடுவாங்களா, புடுங்கிப்பாங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று. "பெட்டிக்குள்ள வச்சா உடுவாங்க க்கா. எண்ணெ வெளிய வராம கட்டுங்க" என்றேன். எண்ணெய் அவளுக்குத் தூக்கலாகப் பிடிக்கும் என்று கமலம்மா சொல்லிக்கொண்டே போனார். நான் உம் கொட்டினேன். வாழ்நாளில் அவ்வளவு பெரிய பொய்யை நான் அத்தனை சின்ன வார்த்தையில் சொன்னதில்லை.

ஐந்து மணி. ஐந்தரை. அங்கே இரண்டு மணி ஆகிவிட்டது. போன் வரவில்லை. திரும்பக் கூப்பிடவா என்றேன், வேண்டாம், கவுண்டரில் ஆள் இருக்கும்போது போன் எடுத்தால் இவளைப் பார்க்க மாட்டார்கள் என்றார். ஆறு மணிக்கு அவர் உதடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கோவிந்தா என்று நினைத்தேன். கிட்டே போய்க் கேட்டால், "உக்கார வை, உக்கார வை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு இருபதுக்கு அவர் போன் அடித்தது. எடுத்ததும் தரணியின் குரல், எங்கள் ஊர்ப் பேச்சில், அழுகையும் ஆத்திரமுமாக.

"உனுக்கு அறிவு கீதா நைனா? யார் கேட்டா உன்ன? ஊர் பேர் தெரியாத எடத்துல என்ன பைத்தியக்காரின்னு சொல்லி உக்கார வச்சிட்டியே! ரூம் ரெடியாவல, ரூம் ரெடியாவலன்னு இந்தப் பொம்பள என் கையப் புடிச்சிக்கினு கீறா! எல்லாரும் பாக்கறாங்க!"

"திட்டு மா" என்றார் அண்ணன். "திட்டு. நல்லா திட்டு."

அவள் திட்டினாள். சின்ன வயசிலிருந்தே நீ இப்படித்தான், யாரையும் நம்பமாட்டாய், ஊரில் இருக்கிறவனெல்லாம் சாகத்தான் வருகிறான் என்று நினைப்பாய் என்றாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் மா, ஆமாம் மா என்றார். கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது, முகம் சிரித்த மாதிரி இருந்தது. கடைசியில் அவள் கத்தினாள்.

"அம்மா முட்டிக்கு இங்க லிஃப்ட் கீதான்னு பாக்க வந்தன் நைனா! அதுக்குத்தான் ஒரு நாள் ரூம் போட்டன்! போதுமா?"

எனக்கு அப்படியே உடம்பு லேசானது. கூடவே மானம் போயிற்று. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நல்ல பெண்ணைக் கடல் தாண்டி அசிங்கப்படுத்திவிட்டோம் என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேளுங்கள் ணா என்று சைகை காட்டினேன்.

அவர் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கவுண்டரில் விலாசம் கேட்கிற அதே சாதாரணக் குரலில் கேட்டார்.

"சரி மா. லிஃப்ட் கீதா?"

யாரோ பெட்டி இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அந்த ரிசப்ஷன் பெண் ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

"பாக்கல, நைனா" என்றாள் தரணி.

அப்புறம் அவள் அழுதது மனுஷர் அழுகிற மாதிரி இல்லை. நான் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். அழுகைக்கு நடுவே துண்டு துண்டாக வந்தது. வேலை போய் ஏழு மாதம். ரூமைக் காலி செய்துவிட்டு ஒரு ஹாலில் ஆறு பேரோடு படுத்துக்கொண்டிருந்தாள். வேலை இல்லாததால் அங்கே இருக்கிற அனுமதியும் மாதக் கடைசியோடு முடிகிறது. "ஒங்கள எந்த வூட்டுக்கு நைனா இட்டுனு போவேன்? அத்தொட்டுதான் வேற ஊரு சொன்னன். மூணு நாளு நல்லா சிரிச்சிட்டு ஒங்கள ஏத்தி உட்டுடலாம்னு இருந்தன். அதுகூட முடியாதுன்னு தெரிஞ்சி போச்சி."

"வூடு சித்தூர்ல கீது மா" என்றார். "நீ அங்கயே உக்காரு. அந்த அம்மா பக்கத்துலயே உக்காரு. நாளைக்கே ஏறி வர்றன்."

நான் அதற்குள் விமான டிக்கெட்டின் தேதியை மாற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடியும் என்று இருந்தது. பாஸ்போர்ட் நம்பருக்காக விசாவின் நகலைத் திறந்தேன். அவ்வளவு ஆசையாக வாங்கிய விசா, ஜிலேபி கொடுத்த விசா. மே பன்னிரண்டாம் தேதியிலிருந்து செல்லும் என்று அதில் இருந்தது. அதற்கு ஒரு நாள் முன்னால் போனாலும் உள்ளே விடமாட்டார்கள்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். படித்தார். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"வர்றன் மா. நான் வர்ற வரைக்கும் தெனம் எங்கூட பேசிக்கினே இரு" என்றார்.

அன்றைக்கு ஏப்ரல் இருபத்திரண்டு.